பழைய பில்லை வைத்துப் புது எஸ்டிமேட் போடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சிப் பக்கம் சின்ன கான்ட்ராக்டர்களுக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. எல்லோரிடமும் பழைய வேலைகளின் பில், கூலி நோட்டு, டெலிவரி சீட்டு என்று மூட்டை மூட்டையாக இருக்கிறது. புது வேலை வந்தால் மட்டும் அதை யாரும் அவிழ்ப்பதில்லை. பக்கத்துத் தெருவில் என்ன ரேட் என்று விசாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். இதைப் பற்றிப் போனிலும் சைட்டிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. வீடு கட்டுகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பயன்படும்.

போன வருஷம் ஒரு வீடு முடித்தேன். அதன் சதுர அடி ரேட்டையே புது வேலைக்கும் வைத்தால் என்ன?

இரண்டு வீடும் அச்சு அசல் ஒன்றாக இருந்தால் வைக்கலாம். அப்படி எனக்கு இதுவரை அமைந்ததில்லை.

ஒரு மனை 20 அடிக்கு 30 அடி. இன்னொன்று 10 அடிக்கு 60 அடி, நம் பழைய தெருக்களில் இருக்கும் ரயில் பெட்டி மனை. இரண்டிலும் 600 சதுர அடிதான் வரும். முதல் வீட்டின் வெளிச்சுவர் சுற்றளவு 100 அடி, இரண்டாவதில் 140 அடி. வெளிச்சுவர் 40 சதவீதம் கூடினால் அதற்கடியில் கடைக்கால், பிளிந்த் பீம் (தரை மட்டத்தில் சுவரைத் தாங்கும் கான்கிரீட் பீம்), அதன் மேல் பூச்சு, பெயிண்ட், சாரம் எல்லாம் கூடவே வரும். சதுர அடி ரேட்டுக்கு இது எதுவும் தெரியாது.

அடுத்தது, வீட்டோடு சேர்ந்து வளராத செலவுகள். செப்டிக் டேங்க், சம்ப், போர், மோட்டார், மின் இணைப்பு, மாடிப்படி, மொட்டை மாடியில் படிக்கு மேல் வரும் ஹெட்ரூம். இவை எல்லாம் சேர்ந்து 5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,500 சதுர அடி வீட்டில் அது சதுர அடிக்கு 333 ரூபாயாக விழும், 600 சதுர அடி வீட்டில் 833 ரூபாய். பெரிய வீட்டின் ரேட்டைச் சின்ன வீட்டுக்குச் சொல்லிவிட்டு, கடைசித் தவணையில் வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்கிற கான்ட்ராக்டர்களில் பாதிப் பேர் இங்கேதான் விழுந்திருக்கிறார்கள். நானும் ஒரு முறை விழுந்தேன். அப்போது எஸ்டிமேட்டில் கையெழுத்து என்னுடையது, நஷ்டம் கான்ட்ராக்டருடையது. அவர் இன்றும் என்னிடம் வருகிறார் என்றால் அது அவர் பெருந்தன்மை.

அப்படியானால் பழைய வேலையிலிருந்து எதை எடுப்பது?

அளவை எடுங்கள். விலையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை கிலோ கம்பி, எத்தனை யூனிட் (நூறு கன அடி) எம்-சாண்ட் என்கிற கல் உடைத்த மணல், ஜல்லி, எத்தனை கல், எத்தனை ஆள்-நாள். இவற்றுக்கு அவ்வளவு சீக்கிரம் வயதாகாது. விலைக்கு வயதாகும் வேகம் வேறு. 2022 பிப்ரவரி கடைசியில் உக்ரைன் போர் தொடங்கியதும் கம்பி விலை எகிறியது. மே மாதம் மத்திய அரசு எஃகு ஏற்றுமதிக்கு வரி போட்டது, நவம்பரில் எடுத்தது. அந்த வருஷம் ஏப்ரலில் கம்பி வாங்கிய வேலையையும் செப்டம்பரில் வாங்கிய வேலையையும் ரூபாயில் ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது. கிலோவில் ஒப்பிட்டால் உடனே விளங்கும்.

வரியும் அப்படித்தான். சிமெண்டுக்கு 2017 ஜூலையிலிருந்து 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். பழைய பில்லில் மூட்டை வரியோடு 400 ரூபாய் என்றிருந்தால், வரி நீங்கலாக அது 312 ரூபாய் 50 காசு. அதே அடக்க விலைக்குப் புது வரி போட்டால் 368 ரூபாய் 75 காசு. அதனால் நோட்டில் அடக்க விலையும் வரியும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

அளவுக்கும் வயதாகும் இடங்கள் சில உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆற்று மணலில் கட்டிய காலத்து அளவை எம்-சாண்டுக்கு அப்படியே வைக்க முடியாது. சலிக்கும் கழிவு வேறு, ஈரத்தில் உப்பும் அளவு வேறு. சைட்டில் கலவை போட்ட வேலையையும் ரெடிமிக்ஸ் இறக்கிய வேலையையும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள். செங்கல்லுக்குப் பதில் சாலிட் பிளாக் என்று மாறியிருந்தால் சுவர்க் கணக்கே வேறு.

அளவுக்குத்தான் வாய்ப்பாடு இருக்கிறதே, பழைய நோட்டு எதற்கு?

வாய்ப்பாடு எல்லோருக்கும் பொது. சேதாரம் அவரவர் சைட்டுக்குச் சொந்தம்.

ஆயிரம் சதுர அடித் தளம், 5 அங்குல கனம் என்றால் சுமார் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். 1:1½:3 கலவைக்கு, அதாவது சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று, கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமெண்ட். கணக்குப்படி 95 மூட்டை வரும். தளம் போட்ட அன்றைக்கு உங்கள் சைட்டில் 108 மூட்டை காலியாகியிருந்தால் அந்த 13 மூட்டை எங்கே போனது? தளத்துக்குக் கீழே இறங்கும் பீம்களைக் கணக்கில் சேர்க்க விட்டுப்போயிருக்கலாம். சென்டரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) தொய்ந்து தளம் ஐந்தரை அங்குலமாகியிருக்கலாம். பலகை இடைவெளி வழியே சிமெண்ட் பால் ஒழுகியிருக்கலாம். மேஸ்திரி கைத்தாராளம் வேறு. ஐந்தாறு தளங்களுக்கு இந்த வித்தியாசத்தை எழுதி வைத்தால், உங்கள் ஆட்களின் சேதாரம் இவ்வளவு என்று ஒரு எண் கிடைக்கும். அந்த எண் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

கூலியிலும் இதே கதை. சனிக்கிழமை கொடுத்த மொத்தத் தொகையை மட்டும் எழுதினால் பயனில்லை. அந்த வாரம் எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், எந்த வேலை, எவ்வளவு முடிந்தது என்ற நான்கும் வேண்டும். கூலி ஏறும். ஒரு கொத்தனார் ஒரு நாளில் பூசுகிற பரப்பு அப்படி ஏறிவிடாது.

சில பழைய வேலைகளுக்கு மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கிறது. அதை இன்றைய விலைக்கு மாற்ற வழி உண்டா?

உண்டு, ஆனால் கடைசி வழியாக வையுங்கள். பழைய தொகையை அன்றைய விலைக் குறியீட்டெண்ணால் வகுத்து இன்றைய குறியீட்டெண்ணால் பெருக்கினால் ஒரு தோராயம் வரும். மத்திய அரசு மாதாமாதம் வெளியிடும் மொத்த விலைக் குறியீட்டில் சிமெண்டுக்கும் எஃகுக்கும் தனி வரிசைகள் இருக்கின்றன. மத்திய பொதுப்பணித்துறையும் கட்டடச் செலவுக் குறியீடு வைத்திருக்கிறது. தமிழ்நாடு பொதுப்பணித்துறையின் விலைப் பட்டியலும் கைவசம் இருக்கட்டும். அது அரசு வேலைக்கானது, சந்தை விலையோடு எப்போதும் ஒத்துப்போகாது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை உங்கள் ஊருக்கு நீங்களே குறித்து வைத்தால் அதுவே ஒரு டேட்டா.

ஒரு எச்சரிக்கை. வருமான வரிக்காரர்கள் பயன்படுத்தும் செலவுப் பணவீக்கக் குறியீட்டை எடுத்துக்கொண்டு சிலர் கட்டடச் செலவை ஏற்றுகிறார்கள். 2017-18இல் 272, 2024-25இல் 363, ஆகவே 33 சதவீதம் கூட்டிவிடு என்கிறார்கள். அது சொத்து விற்ற லாபத்துக்கு வரி கணக்கிட ஏற்பட்ட எண். மணல் விலையும் கொத்தனார் கூலியும் அதில் இல்லை.

என் நோட்டில் ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறது. எப்படி ஒப்பிடுவது?

இங்கேதான் பொறுமை வேண்டும். எஸ்டிமேட் போடும் நேரத்தில் முக்கால்வாசி எனக்கு இந்தச் சுத்தப்படுத்தலிலேயே போகும்.

முதலில் பரப்பு. போர்டிகோவைச் சேர்த்தீர்களா, பாதியாகச் சேர்த்தீர்களா? ஹெட்ரூம் உள்ளேயா வெளியேயா? ஒரே வீடு பிளான் அப்ரூவலில் ஒரு பரப்பு, ஒப்பந்தத்தில் ஒரு பரப்பு, கூலிக்கு மேஸ்திரி அளந்தது இன்னொரு பரப்பு. எதை வேண்டுமானாலும் எடுங்கள், எல்லா வேலைக்கும் அதையே எடுங்கள்.

அடுத்தது அளக்கும் முறை. கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1200 படி பூச்சு வேலையில் அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவு கிடையாது; அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிப்பார்கள். நம் ஊர் மேஸ்திரி ஜன்னலையும் சுவராக நினைத்து முழுசாக அளப்பார், பக்கவாட்டுப் பூச்சுக்குத் தனியாகவும் கேட்பார். சென்டரிங்கைப் பலகை படும் பரப்பில் அளப்பவர் உண்டு, தளத்தின் பரப்பில் அளப்பவர் உண்டு. சம்ப்பை லிட்டருக்கு இவ்வளவு என்று பேசுவது இங்கே வழக்கம்; அதைக் கன அடிக்கு மாற்றி எழுதுங்கள்.

மூன்றாவது, யார் வாங்கிக் கொடுத்தது. லேபர் கான்ட்ராக்டில் வீட்டுக்காரரே பொருள் வாங்கிய வேலையில் உங்கள் நோட்டில் பாதிச் செலவு இருக்கவே இருக்காது. டைல்ஸும் பாத்ரூம் சாமான்களும் வீட்டுக்காரர் வாங்கியது என்றால் ஓரத்தில் குறித்து வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து அந்த வீடு மட்டும் ஏன் மலிவாக முடிந்தது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு வேலையில் பெரிய நஷ்டம். அது விதிவிலக்கு என்று விட்டுவிடலாமா?

கூடாது. முதலில் எழுத வேண்டியதே அதுதான்.

உளவியலாளர் டேனியல் கானமன் சொன்ன ஒரு அனுபவம் உண்டு. இஸ்ரேலில் பள்ளிகளுக்காக ஒரு பாடத்திட்டம் எழுத ஒரு குழு உட்கார்ந்தது. எவ்வளவு காலம் ஆகும் என்று ஆளுக்கு ஒரு சீட்டில் எழுதச் சொன்னால், எல்லோரும் ஒன்றரையிலிருந்து இரண்டரை வருஷத்துக்குள் எழுதினார்கள். பாடத்திட்ட நிபுணர் ஒருவரும் அந்தக் குழுவில் இருந்தார், அவர் சீட்டிலும் அதே எண்தான். பிறகு அவரிடம், இதே மாதிரி மற்ற குழுக்களுக்கு எவ்வளவு ஆனது என்று கேட்டார்கள். யோசித்துவிட்டுச் சொன்னார்: 40 சதவீதம் குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழிலிருந்து பத்து வருஷம் ஆனது. கடைசியில் இவர்களுக்கு எட்டு வருஷம் ஆனது.

தகவல் அந்த நிபுணரின் தலைக்குள்ளேயே இருந்தது. சொந்த வேலைக்கு எண் போடும்போது அது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. நமக்கும் அப்படித்தான். "அந்த வீட்டில் பாறை வந்துவிட்டது, இந்த வீட்டில் மழை, அங்கே பங்காளித் தகராறு" என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லித் தள்ளினால் மிஞ்சுவது எதுவும் தப்பாத இரண்டே வேலைகள். அடுத்த வேலையிலும் ஏதோ ஒன்று வரும். என்ன வரும் என்றுதான் தெரியாது.

நஷ்டத்தைச் சேர்த்து எப்படிக் கணக்குப் போடுவது?

ஒவ்வொரு வேலைக்கும் முடிந்த தொகையை முதலில் சொன்ன தொகையால் வகுங்கள். சின்னதிலிருந்து பெரிதாக அடுக்குங்கள். உதாரணத்துக்குப் பத்து வேலை:

0.97, 1.02, 1.04, 1.06, 1.08, 1.11, 1.13, 1.18, 1.26, 1.41

நடுவில் 1.08க்கும் 1.11க்கும் இடையே நிற்கிறோம். அதாவது பழக்கப்படி போட்ட எஸ்டிமேட்டில் சுமார் 10 சதவீதம் கூட்டினால் பாதி வேலைகளாவது அதற்குள் முடியும். பத்தில் எட்டு வேலை அடங்க வேண்டுமானால் 18 சதவீதம். கைச்செலவுக்கு 5 சதவீதம் என்று எல்லோரும் போடுகிறோமே, இந்த வரிசையில் அதற்குள் அடங்குவது மூன்றே வேலைகள்தான்.

ஆனால் இந்த வகுத்தலுக்கு முன்னால் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்ட மாற்றங்களைப் பிரித்துவிட வேண்டும். நடுவில் ஒரு ரூம் கூடச் சேர்த்தால் அது எஸ்டிமேட் தப்பியதாகாது, வேலையே வேறு. நான் கூடுதல் செலவை நான்கு பெட்டியாகப் பிரிப்பேன்: அளவு தப்பியது, விலை ஏறியது, மண்ணுக்குக் கீழே வந்தது, வீட்டுக்காரர் மாற்றியது. நான்காவது எப்போதும் தனி. ஆனாலும் அதையும் எழுதி வையுங்கள். எலிவேஷனையும் சமையலறையையும் மாற்றாத வீட்டுக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. அடுத்தவரை முன்கூட்டியே எச்சரிக்க அது உதவும்.

எத்தனை பழைய வேலை இருந்தால் போதும்?

மூன்று இருந்தாலே தொடங்குங்கள். பத்து இருந்தால் நம்பிக்கையோடு பேசலாம். முப்பது இருந்தும் பாதி லேபர் கான்ட்ராக்ட், பாதி அபார்ட்மெண்ட் என்றால் தனி வீட்டுக்கு அது முப்பது அல்ல.

கடைக்கால் செலவு மட்டும் ஒவ்வொரு முறையும் தப்புகிறது. ஏன்?

மண் பழைய வேலையிலிருந்து கிடைக்காது. கிடைப்பது பக்கத்து மனையின் மண்தான், அதுவும் முழுசாக நம்பத் தக்கதல்ல. கரிசல் மண் வெயிலுக்கு வெடிக்கும், மழைக்கு உப்பும். அங்கே கட்டிய வீட்டின் கடைக்காலையும் செம்மண் மேட்டில் கட்டியதையும் ஒரே வரிசையில் வைத்தால் சராசரி இரண்டுக்கும் பொருந்தாது. நோட்டில் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி ஆழத்தில் கெட்டி மண் வந்தது, தண்ணீர் ஊறியதா, பழைய கிணறு அல்லது குப்பைக் குழி இருந்ததா என்று எழுதுங்கள். எஸ்டிமேட்டில் பிளிந்த் வரைக்கும் ஒரு தொகை, அதற்கு மேல் ஒரு தொகை என்று பிரித்துச் சொல்லுங்கள். மண் பரிசோதனைக்குச் செலவு செய்ய வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைக்க முடிந்தால் இந்தக் கேள்வியே வராது.

எந்த மாதம் தொடங்கியது என்பதும் இதோடு சேர்ந்தது. ஆவணியில் தோண்ட ஆரம்பித்துக் குழியோடு ஐப்பசி மழையில் மாட்டிய வேலையும் தையில் தொடங்கிய வேலையும் ஆள்-நாளில் ஒன்றல்ல. 2020 மார்ச் ஊரடங்கில் நின்றுபோன வேலைகளை அழிக்க வேண்டாம், தனி அடையாளம் போட்டு வையுங்கள்.

பெரிய பெரிய திட்டங்களிலாவது ஒழுங்காகப் போடுகிறார்களா?

ஆறுதல் வேண்டுமானால் சிட்னி ஓபரா ஹவுஸைப் பாருங்கள். 1957இல் சொன்னது 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், 1963இல் முடிப்பதாக. திறந்தது 1973இல், செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர்.

டென்மார்க்கைச் சேர்ந்த பெண்ட் ஃப்ளூப்யா என்ற ஆய்வாளர் 20 நாடுகளின் 258 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்துப் பார்த்தார். பத்தில் ஒன்பதில் செலவைக் குறைத்துத்தான் சொல்லியிருந்தார்கள். ரயில் திட்டங்கள் சராசரியாக 45 சதவீதம் மீறின, சாலைகள் 20 சதவீதம். இதை வைத்து 2004இல் பிரிட்டன் போக்குவரத்துத் துறைக்கு ஒரு வழிகாட்டி எழுதிக் கொடுத்தார்: ரயில் எஸ்டிமேட் பாதிக்குப் பாதி வாய்ப்பில் அடங்க வேண்டுமானால் 40 சதவீதம் கூட்டு, பத்துக்கு எட்டு வாய்ப்பு வேண்டுமானால் 57 சதவீதம் கூட்டு, சாலைக்கு அவை 15, 32. மேலே பத்து வேலைகளை அடுக்கினோமே, அதே கணக்குதான். அவர் கையில் ரயில் பாதைகள், நம் கையில் டபுள் பெட்ரூம் வீடுகள்.

18 சதவீதம் கூட்டிச் சொன்னால் வேலை வேறொருவருக்குப் போய்விடுமே?

போகும், சில நேரம். அதனால் ஒரே தொகையில் அமுக்கிச் சொல்லாதீர்கள். "இப்போதைய பிளான்படி, இன்றைய விலைக்கு 32 லட்சம். என்னுடைய போன பத்து வேலைகள் இப்படி முடிந்திருக்கின்றன. அதைப் பார்த்தால் 38 லட்சம் வரைக்கும் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்" என்று பட்டியலைக் காட்டிச் சொல்லுங்கள். விலை ஏறினால் யார் தாங்குவது என்பதைக் கம்பிக்கும் சிமெண்டுக்கும் மட்டுமாவது அடக்க விலை குறித்து ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பட்டியலைப் பார்த்துவிட்டு 30 லட்சத்துக்கு முடிப்பதாகச் சொன்னவரிடம் போன வீட்டுக்காரர்களும் உண்டு. பாதி வழியில் திரும்பி வந்து என் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டவர்களும் உண்டு. பாதியில் விட்ட வேலையை எடுப்பது தனி எஸ்டிமேட், தனித் தலைவலி.

வங்கிக் கடனுக்குப் போட்ட எஸ்டிமேட்டுகளும் ஃபைலில் இருக்கின்றன. அவற்றையும் சேர்க்கலாமா?

வேண்டாம். அவை கடன் தொகையிலிருந்து பின்னோக்கி எழுதப்பட்டவை என்பது எழுதியவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும்.

நான் வீட்டுக்காரர். என்னிடம் பழைய வேலை எதுவும் இல்லை. கான்ட்ராக்டரின் எஸ்டிமேட்டை எப்படிச் சோதிப்பது?

அவரிடம் இருக்கிறதே. கடைசியாக முடித்த மூன்று வீடுகளுக்கு முதலில் சொன்ன தொகை, முடிவில் வாங்கிய தொகை, வித்தியாசத்துக்குக் காரணம் மூன்றையும் கேளுங்கள். வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்கு எல்லோரும் தயார். இதைக் காட்டுவதற்குச் சிலரே தயார். பிறகு எஸ்டிமேட்டில் மொத்தக் கம்பி எத்தனை கிலோ, சிமெண்ட் எத்தனை மூட்டை என்று கேளுங்கள். சதுர அடிக்கு மூன்றரை, நாலு கிலோ கம்பி, 0.4 மூட்டை சிமெண்ட் என்று ஊரில் ஒரு வாய்வழிக் கணக்கு உண்டு. அதை வைத்துச் சண்டை போடாதீர்கள், கேள்வி கேட்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அளவு இதற்கு வெகு தூரத்தில் இருந்தால், அவர் சொல்லும் காரணத்திலேயே அவர் கணக்குப் போட்டாரா, குத்துமதிப்பாகச் சொன்னாரா என்று தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா?

நாற்பது பக்க நோட்டு போதும். எக்செல் தெரிந்தால் இன்னும் நல்லது. கூலி கொடுக்கிற சனிக்கிழமை மாலையே அந்த வாரத்து அளவுகளை எழுதிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதுவது டேட்டா அல்ல, கற்பனை. டெலிவரி சீட்டுகளைப் படம் எடுத்து வேலைக்கு ஒரு வாட்ஸாப் குழு வைத்து அதில் போடுங்கள், ஏனென்றால் அந்தத் தாளில் எழுத்து ஒரு கோடைகாலம் கூடத் தாங்காது. பெயிண்ட் முடிந்து சாவி கொடுத்த வாரத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி, சொன்ன தொகை, முடிந்த தொகை, நான்கு பெட்டிக் கணக்கு, தொடங்கிய மாதம், மண் எழுதுங்கள். ஏற்கனவே முடிந்த வேலைகளில் பில் முழுசாகக் கிடைக்கிற ஒன்றை இந்த வாரம் எடுத்து அந்த ஒரு பக்கத்தை நிரப்பிப் பாருங்கள்; எனக்கு முதல் பக்கத்துக்கு இரண்டு நாள் பிடித்தது.